கத்திரி தொடங்கியதிலிருந்து என் குதிரைக்கு வியர்ப்பதே இல்லை

ஒற்றியூர் சவாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஷிப்டு முறையில் வேலை செய்கிறேன். முப்பத்தாறு வயதில்தான் குதிரையேற்றம் கற்கத் தொடங்கினேன். ஐந்து ஆண்டுகள் பிறருடைய குதிரைகளில் பழகிய பிறகு, சென்ற ஐப்பசி மாதத்தில், பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட ஏழு வயதுச் செவலைப் பெட்டைக் குதிரை ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். மாதவரத்தை அடுத்த வடபெரும்பாக்கத்தில், முன்பு மாட்டுத்தொழுவமாக இருந்த ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து அதில் கட்டியிருக்கிறேன். பல ஆண்டுகள் பந்தய லாயங்களில் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக, இருந்த பெரியவர் ஒருவர் பகலில் பார்த்துக்கொள்கிறார்.

மார்கழியிலும் தையிலும் எந்தக் குறையும் இல்லை. நாற்பது நிமிடம் சவாரி செய்துவிட்டு இறங்கினால் கடிவாள வார் உரசும் இடத்திலும் தொடைகளுக்கு நடுவிலும் வெள்ளை நுரை நிற்கும். அரை மணி நேரம் நடத்தினால் மூச்சு சீராகிவிடும். பங்குனிக் கடைசியில் அந்த நுரை குறையத் தொடங்கியதை நான் கவனித்தேன், ஆனால் உடல் பழகிவிட்டது என்று தவறாக எண்ணிக்கொண்டேன். கத்திரி பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்கு ஏறி, இருபது நிமிடம் டிராட் எனும் மெதுவோட்ட நடையில் மட்டும் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தபோது, சேணத்தின் அடியிலும் பிடரிமயிரின் கீழும் காதுகளுக்குப் பின்னாலும் லேசான ஈரம் இருந்ததே தவிர, கழுத்தும் விலாவும் முதுகும் காய்ந்த தோல்போல் சூடாக இருந்தன. மூக்குத் துளைகள் விரிந்தபடியே இருந்தன. வயிறு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஏறி இறங்கியது. வெப்பமானி வைத்துப் பார்த்ததில் 104 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. அன்று இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் வந்த கால்நடை மருத்துவர் நுரையீரலில் குறையில்லை என்றார். ரத்தத்தைப் பரிசோதித்து, ஈக்கடியால் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோயான சர்ராவும் இல்லை என்று உறுதிசெய்தார். வெயிலின் தாக்கம்தான், ஓய்வு கொடுங்கள் என்று சொல்லிச் சென்றார். ஓய்வு கொடுத்துப் பத்து நாட்களாகியும், நிழலில் நிற்கும்போதே பிற்பகலில் மூச்சு வாங்குகிறது. முகத்தில் முடி உதிர்ந்து, ரோமம் பளபளப்பிழந்து சொரசொரப்பாகிவிட்டது. தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம் என்றால், சூடேறிய உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் நரம்பு பிடித்துக்கொள்ளும் என்று சைஸ் பெரியவர் தடுக்கிறார். அவருடைய அனுபவத்தை மீறவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தீவனத்தையும் சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்கு ஊறவைத்த கொள்ளு 2 கிலோ, கோதுமைத் தவிடு 3 கிலோ, பகலில் கோ-4 நேப்பியர் புல், இரவில் வைக்கோல். தண்ணீர் கொட்டகையிலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. கொஞ்சம் உப்புக் கரிக்கும். குதிரையின் எடை சுமார் 430 கிலோ. நான் 78 கிலோ.

என் கேள்வி இதுதான். வியர்வை நின்றுபோவது என்று ஒரு நோய் உண்டா? உண்டென்றால், கடற்காற்றின் புழுக்கம் ஆண்டில் எட்டு மாதம் நீடிக்கும் இந்தப் பகுதியில் அது குணமாகுமா? என் ஆசைக்காக ஒரு ஜீவனை வதைக்கிறேனோ என்ற எண்ணம் ஷிப்டு நேரம் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. விற்றுவிடுவதுதான் அதற்கு நல்லது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கொளத்தூர் லாயம் எழுதியது:

வணக்கம் சகோதரரே. நான் ஒன்பது ஆண்டுகளாகக் குதிரை வைத்திருப்பவள். வங்கியில் வேலை, பிள்ளைகளின் பள்ளி, லாயம் மூன்றையும் ஒரே நாளுக்குள் அடக்குகிறவள். என்னுடைய முதல் குதிரைக்கும் இதே நிலை வந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் விவரிக்கும் நிலைக்கு அன்ஹைட்ரோசிஸ் என்று பெயர். மனிதனைப் போலவே குதிரையும் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வியர்வை ஆவியாவதன் மூலமே வெளியேற்றுகிறது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக் குளிர்வதைப் போல அதனால் முழுமையாகக் குளிர முடியாது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து நாள்கணக்கில் நீடிக்கும்போது வியர்வைச் சுரப்பிகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. சில குதிரைகளில் அந்தச் சுரப்பிகள் ஒரு கட்டத்துக்குப் பிறகு தூண்டலுக்கு மறுமொழி கொடுப்பதையே நிறுத்திவிடுகின்றன. பிடரியின் கீழும் சேணத்தின் அடியிலும் மட்டும் ஈரம் மிஞ்சுவது, முகத்தில் முடி உதிர்வது, ஓய்விலும் மூச்சு வாங்குவது ஆகிய மூன்றுமே இதன் அடையாளங்கள். பழகிவிட்டது என்று நீங்கள் எண்ணியதற்காக வருந்தவேண்டாம். நானும் அப்படித்தான் எண்ணினேன், என் மருத்துவர் கண்டுபிடிக்க இரண்டு மாதம் பிடித்தது.

இதை ஐயமில்லாமல் உறுதிசெய்ய ஒரு பரிசோதனை உண்டு. டெர்பியூட்டலின் என்ற மருந்தை வெவ்வேறு செறிவுகளில் கழுத்துத் தோலுக்குள் சிறுசிறு துளியாக ஏற்றி, எந்தெந்த இடத்தில் வியர்வை துளிர்க்கிறது என்று பார்ப்பார்கள். மிகக் குறைந்த செறிவுக்கே துளிர்த்தால் சுரப்பி நலமாக இருக்கிறது. அதிகச் செறிவுக்கு மட்டும் துளிர்த்தால் பாதி செயலிழந்திருக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் பெருவிலங்குப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். பகலில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகாதீர்கள், விடியுமுன் கிளம்புங்கள்.

இனித் தண்ணீர் பற்றி. உங்கள் சைஸ் பெரியவரை நான் மதிக்கிறேன். அவர் சொன்னது அந்தக் காலத்தில் எல்லா லாயங்களிலும் நம்பப்பட்டதுதான். ஆனால் அது சரியன்று. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி கடும் வெப்பத்திலும் புழுக்கத்திலும் நடக்கவிருந்ததால், குதிரைகளை எப்படிக் குளிர்விப்பது என்று அப்போது விரிவாக ஆராய்ந்தார்கள். குளிர்ந்த நீரை உடல் முழுவதும் தாராளமாக ஊற்றுவது தசையைப் பாதிக்கவில்லை என்பதும், அதுவே வெப்பத்தை மிக விரைவாக இறக்குகிறது என்பதும் தெளிவாயின. ஆகவே மூச்சு வாங்கத் தொடங்கிய உடனே கழுத்து, விலா, பின்தொடை என எல்லா இடத்திலும் வாளி வாளியாக ஊற்றுங்கள். ஒரு முறை ஊற்றிவிட்டு நிறுத்தினால் தோலின் மேல் நிற்கும் நீர் சூடாகிவிடும். நிறுத்தாமல் ஊற்றவேண்டும், அல்லது பெரிய மின்விசிறியின் முன் நிறுத்தவேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நீர் தானாக ஆவியாகாது என்பதால் விசிறிக் காற்று இல்லாமல் நனைப்பது பாதிப் பயன்தான் தரும். மின்கம்பி குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தகரக் கூரைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு அதன் கீழே நீங்கள் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், குதிரை என்ன படுகிறது என்பது புரியும். கூரையின் மேல் தென்னங்கீற்று போட்டு, ஒரு பக்கச் சுவரையாவது இடித்துக் காற்றுக்கு வழி விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. உங்கள் எடையோடு சேணத்தையும் சேர்த்தால் அந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறீர்கள். நல்ல குளிர்காலத்தில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. வியர்க்காத குதிரைக்கு அது பெரும் சுமை. மழை பிடிக்கும் வரை ஏறவே வேண்டாம். கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் நடத்திச் செல்லுங்கள். அதுவும் சேர்ந்து வாழ்வதுதான்.

ராயபுரம் பெரியவர் எழுதியது:

தம்பி, என் தகப்பனார் ராயபுரத்தில் ஜட்கா ஓட்டியவர். பன்னிரண்டு வயது வரை நான் குதிரையின் வயிற்றடியில் உட்கார்ந்துதான் பாடம் படித்தேன். நோயின் பெயரெல்லாம் எனக்குத் தெரியாது; அந்தச் சகோதரி சொன்னதற்கு மேல் அதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் போடும் தீவனத்தைப் படித்ததும்தான் எழுதத் தோன்றியது.

தவிடு மலிவாகக் கிடைத்த காலத்தில் என் தகப்பனார் குதிரைக்குத் தவிட்டையே அதிகமாகக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அதன் முகம் கண்ணுக்குக் கீழே இரு பக்கமும் புடைத்துக்கொண்டது; மெல்லுவதற்குத் தவித்தது; கால் மாற்றி மாற்றி நொண்டியது. பல ஆண்டுகள் கழித்து ஒரு கால்நடை மருத்துவர்தான் எனக்கு அதை விளங்கவைத்தார். தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் கிட்டத்தட்டப் பத்து மடங்கு இருக்கிறது. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து அதை உருவிக்கொள்கிறது. முக எலும்புதான் முதலில் மெலிந்து நார்போல் ஊதுகிறது. நேப்பியர் புல்லோ இதைவிடத் தந்திரமானது. பச்சைப் பசேலென்று இருக்கும், மாட்டுக்கு நல்லது, பால் கூடும். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுக் குதிரையின் உடலில் சேரவிடாமல் செய்கிறது. மாட்டின் இரைப்பையில் அதை உடைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் தவிட்டையும் நேப்பியரையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். வியர்வை நோய் தீர்ந்தாலும் இது உங்கள் குதிரையை மெல்ல முடக்கிவிடும்.

தவிட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் வயிற்றுவலி வரும். அருகம்புல் கட்டு கிடைக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் ஜட்காக் குதிரைகள் எல்லாம் அதைத் தின்றே உழைத்தன. குதிரை மசால் என்று பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் தீவனம் கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் பயிராகிறது. அதன் உலர்ந்த கட்டை வரவழைத்து நாளுக்குக் கொஞ்சம் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவிருக்காது. கொள்ளு இருக்கட்டும், ஆனால் ஒரே வேளையில் போடாமல் மூன்று வேளையாகப் பிரியுங்கள். இரவு முழுவதும் வைக்கோலை மட்டும் தின்று, போதிய நீரும் குடிக்காத குதிரைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும்.

நீரைப் பற்றியும் யோசியுங்கள். மீஞ்சூர் முதல் திருவொற்றியூர் வரை நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருப்பது ஊரறிந்த விஷயம். நாம் வாயில் வைக்க மறுக்கும் நீரைக் குதிரை மட்டும் எப்படிக் குடிக்கும்? இந்த எடையுள்ள குதிரை வெயில் காலத்தில் நாளுக்கு நாற்பது லிட்டருக்குக் குறையாமல் குடிக்கவேண்டும். தொட்டியில் அளவுக்கோடு போட்டு, இரவிலும் காலையிலும் எவ்வளவு இறங்கியது என்று எழுதி வையுங்கள். உங்கள் செவலை எவ்வளவு குடிக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரியுமா?

ஒற்றியூர் சவாரி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு முந்தாநாள் இரவே வடபெரும்பாக்கம் போய்த் தொட்டியில் கோடு போட்டேன். இருபத்து நான்கு மணி நேரத்தில் இறங்கியது பதினெட்டு லிட்டர். இன்று காலை மெட்ரோ தண்ணீரை இரண்டு கேன்களில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வாளியில் வைத்தபோது, அது தலையைத் தூக்காமல் ஒரு வாளியை முழுவதும் காலிசெய்தது. இத்தனை நாள் அது தாகத்தோடு நின்றிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்குப் பேச்சு வரவில்லை. லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டேன்.

செங்குன்றம் 17 எழுதியது:

மேலே எழுதிய இருவரும் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் விற்பது பற்றியும் கேட்டிருக்கிறார்; அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

என்னிடம் இதே நோயுள்ள ஒரு பந்தயக் குதிரை இருந்தது. விசிறி, கீற்று, உப்பு, விடியற்காலை நடை என்று எல்லாம் செய்து இரண்டு கோடைகளைக் கடத்தினேன். ஒவ்வொரு கோடையிலும் அது உயிர் பிழைத்தது, அவ்வளவுதான். பிழைப்பதும் நலமாக வாழ்வதும் ஒன்றல்ல. இந்த நோய்க்கு உறுதியான மருந்து இதுவரை இல்லை. குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவது ஒன்றுதான் பெரும்பாலும் பலன் தருகிறது. மூன்றாவது ஆண்டு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருக்கும் ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் விட்டேன். ஐந்தாவது வாரம் அதன் கழுத்தில் நுரையைப் பார்த்தேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். அது எனக்குப் பெரிய இழப்பு. ஆனால் அதற்கு இழப்பில்லை.

விற்பதை மட்டும் நன்றாக யோசித்துச் செய்யுங்கள். நோயை மறைத்து விற்றால் அது கை மாறிக் கை மாறி, கல்யாண ஊர்வலத்திலோ கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதிலோ போய் நிற்கும். நண்பகலில் நின்று உழைக்கவேண்டிய இடம் அது. கொடுப்பதென்றால் குளிர்ந்த ஊரில், நோயைத் தெரிந்துகொண்டு ஏற்பவரிடம், எழுத்து மூலம் கொடுங்கள். வண்டியில் அனுப்பும்போது 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். இரவுப் பயணமே நல்லது.

ஒற்றியூர் சவாரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பரிசோதனை செய்தாகிவிட்டது, மிக அதிகச் செறிவுள்ள இரண்டு இடங்களில் மட்டும் வியர்வை துளிர்த்தது. பாதி செயலிழப்பு என்று மருத்துவர் சொன்னார். நாளுக்கு 30 கிராம் உப்பைத் தீவனத்தில் கலக்கச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்புச் சத்துக்கும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கூரைக்குக் கீற்று போட்டு, மேற்குப் பக்கச் சுவரை இடுப்பளவுக்கு இறக்கி, விசிறி மாட்டியாகிவிட்டது. தவிடு நின்றுவிட்டது, நேப்பியரை இன்னும் முழுதாக நிறுத்த முடியவில்லை, பாதியளவு அருகம்புல் கிடைக்கிறது. சைஸ் பெரியவர் முதல் நாள் நான் தண்ணீர் ஊற்றியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பதினைந்து நிமிடத்தில் மூச்சு தணிந்ததைப் பார்த்த பிறகு, மறுநாளிலிருந்து அவரே பிற்பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஊற்றுகிறார். முன்பு பிற்பகலில் 102.8 காட்டிய வெப்பமானி இந்த வாரம் 101.4 காட்டுகிறது. காலையில் 99.8. தண்ணீர் நாளுக்கு முப்பத்தெட்டு லிட்டர் வரை இறங்குகிறது.

ஷிப்டு முடிந்து நேராகப் போய், விடியற்காலை நாலரை மணிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறேன். மணலி சாலையில் அந்த நேரத்திலும் கன்டெய்னர் லாரிகள் ஓடுவதால் வீட்டுமனைகளுக்கு நடுவிலுள்ள மண்பாதையில்தான் போகிறோம். ஆறு மாதம் அதன் மேல் ஏறியிருந்தபோது நான் கவனிக்காத பலவற்றை இப்போது பக்கத்தில் நடக்கும்போது கவனிக்கிறேன். இடது முன்னங்காலை லேசாக வெளிப்புறம் வீசிவைக்கிறது. லாடம் அடிப்பவரிடம் அடுத்த வாரம் காட்டவிருக்கிறேன்.

செங்குன்றம் நண்பர் எழுதியதை என் மனைவியும் படித்தார். இந்த ஆண்டு இங்கேயே வைத்துப் பார்ப்பது, அடுத்த பங்குனிக்கு முன்பே ஓசூர்ப் பக்கம் அனுப்பிவிட்டு மழைக்குப் பிறகு அழைத்துவருவது, அப்படி அழைத்துவந்தும் வியர்வை திரும்பவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுவது என்று இருவரும் முடிவுசெய்திருக்கிறோம். பண்ணை விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்பினால் நன்றியுடன் இருப்பேன்.

கொளத்தூர் சகோதரிக்கு ஒரு கேள்வி. மழை தொடங்கிய பிறகு மறுபடி எப்போது ஏறலாம் என்பதை எதை வைத்து முடிவுசெய்வது?

கொளத்தூர் லாயம் எழுதியது:

மாதத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். விடியற்காலையில் பத்து நிமிடம் கையில் பிடித்து டிராட் ஓட்டிவிட்டு வெப்பம் பாருங்கள். நீர் ஊற்றாமலேயே அரை மணி நேரத்துக்குள் 101க்கு இறங்குவதும், விலாவில் கை வைத்தால் ஈரம் ஒட்டுவதும் தொடர்ந்து இரண்டு வாரம் நடந்தால் சேணத்தை மட்டும் கட்டி ஒரு வாரம் நடத்துங்கள். அதற்குப் பிறகு உங்களைவிட எடை குறைந்த ஒருவரை முதலில் ஏறச் சொல்லுங்கள். என் மகள் 49 கிலோ, ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறாள். கார்த்திகையில் அழைத்தால் வருவாள்.

செங்குன்றம் 17 எழுதியது:

விவரம் அனுப்பிவிட்டேன். பண்ணைக்காரர் மாசிக்குள் இடம் சொல்லிவைக்கச் சொல்கிறார். கோடைக்கு வரும் குதிரைகள் அங்கே நிறைய.